பொத்தான்களுக்குப் பெயர் சூட்டும் பெருந்தகையீர்!

மகாகனம் பொருந்திய ஐயன்மீர்,

திறந்த மூல உலகில் அநாதைகளாகத் திரிந்த ரிமோட் பொத்தான்களுக்கெல்லாம் ஒரே சீராகப் பெயர் சூட்டிய உங்கள் கருணைக்கு அநேக நமஸ்காரம். போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் முன்னிலையில் என் மானம் போனதும் அதே கருணையால்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

லினக்ஸ் பெட்டியை டிவியில் மாட்டி, படத்தைத் தேர்ந்து, ரிமோட்டில் ஓகேயை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்புக்குறிகள் நாலும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. ஓகே மட்டும் வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சம்பந்தி, கேபிள்லயே ஏதாவது பாக்கலாமே" என்றார்.

அவர்கள் கிளம்பியதும், அழுத்திய பொத்தானின் பெயரையும் எண்ணையும் காட்டும் இவிடெஸ்ட்டில் போட்டுப் பார்த்தேன். பிள்ளை பிறந்திருக்கிறது, பெயரும் வைத்தாயிற்று: கீ_ஓகே, எண் 352. ரிசீவர் சரி, லினக்ஸ் கர்னல் சரி. ஆனால் திரையை ஆளும் எக்ஸ் இருக்கிறதே, 1987-இல் வந்த அதன் 11-ஆம் பதிப்பு பொத்தான் எண்ணுக்கு ஒரே ஒரு பைட்தான் ஒதுக்கியது. 8 முதல் 255 வரை. கர்னல் தரும் எண்ணோடு 8 கூட்டித்தான் உள்ளே விடுவார்கள். ஆக, 247-க்கு மேல் பிறந்த பிள்ளைக்கு அங்கே அட்மிஷன் கிடையாது. தொட்டில் கட்டிய கையோடு ஜாதகத்தையும் ஒருமுறை புரட்டியிருக்கலாம்.

பெயர்களோ பேஷ், பேஷ்! தாத்தா பெயரை எல்லாப் பேரன்களுக்கும் வைத்த குடும்பம் உங்களுடையது. பிளே என்று ஒருவன், பிளேசிடி என்று ஒருவன், பிளேபாஸ் என்று இன்னொருவன். ஓகே, செலக்ட், என்டர் மூவரும் ஒரே வேலைக்கு வந்து நிற்கிறார்கள். ரிமோட் பட்டியல் எழுதியவர் ஓகேயைக் கூப்பிடுகிறார். பிளேயர் எழுதியவர் என்டருக்குக் காத்திருக்கிறார். ஃபார்வர்ட் படத்தை ஓட்டுவான் என்று நம்பினேன். அவன் பிரவுசரில் அடுத்த பக்கம் போகிறவனாம், படத்துக்கு ஃபாஸ்ட்ஃபார்வர்ட். கீ_1 என்ற பிள்ளையின் எண் 2! பிரெஞ்சு விசைப்பலகை அமைப்பில் அவனை அழுத்தினால் 1 வராது என்பதால், ரிமோட்டுக்கென்றே நியூமெரிக்_1 பிறந்தான். எண் 513. அவனுக்கும் எக்ஸில் அட்மிஷன் இல்லை.

முன்பு இப்படி இல்லை. எல்ஐஆர்சி என்ற ரிமோட் மென்பொருளின் ஃபைலில் ஆளாளுக்குத் தோன்றியதை எழுதினார்கள். ஒருவர் வீட்டு ஓகே இன்னொருவர் வீட்டில் செல்லாது. அந்தக் காட்டாட்சிக்கு உங்கள் பட்டியல் எவ்வளவோ மேல், அதை மறுக்கவில்லை. இப்போது அதே மென்பொருளில் ரிமோட்டைப் பதிவு செய்யும் ஐஆர்ரெக்கார்டில் பட்டியலுக்கு வெளியே ஒரு பெயரைத் தட்டினால், குலப்பெயர் இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. நல்ல ஒழுங்கு.

ஆனால் ஓகே என்று அச்சடித்த பொத்தானை அழுத்தினால் ஓகே ஆக வேண்டும். அதற்கு மேல் என்ன கேட்டுவிட்டோம்? பெயர் வைத்தவர் ஒரு பக்கம், எண் கொடுத்தவர் ஒரு பக்கம், கடைசி வாசலில் நிற்பவர் ஒரு பக்கம். மூவரில் ஒருவராவது சோபாவில் உட்கார்ந்து ஒரு படத்தை ஓட்டிப் பார்த்தீர்களா? நடுராத்திரியில் கீமேப் ஃபைலைத் திறந்து திருத்துவது என் தலையெழுத்தா?

மன்னிக்க வேண்டும். பெரியவர்கள் முன் குரலை உயர்த்திவிட்டேன். நாமகரணம் உங்கள் கையால் நடப்பதே எங்கள் பாக்கியம்.

தற்சமயம், பொத்தானுக்குப் பெயர் மாற்றித் தரும் ஐஆர்-கீடேபிளில் ஓகேயின் இடத்தில் என்டர் என்று கள்ளப் பெயர் போட்டு ஓட்டுகிறேன். அதன் எண் 28. அட்மிஷன் உடனே கிடைத்தது. உங்கள் சீர்மைக்கு என் வீட்டில் இழுக்கு நேர்ந்ததற்குத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பெயர்ப்பட்டியலின் தாசானுதாசன்

பி.கு.: சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நான்கு குழந்தைகள் இன்னும் வாசலில் நிற்கின்றன. எண்கள் 398 முதல் 401 வரை. இவற்றுக்கும் நானே கள்ளப் பெயர் வைத்துக்கொள்ளட்டுமா, அல்லது விழாவுக்கு நாள் குறித்துவிட்டீர்களா?