கழித்துப்போட்ட அகலம்

எண்பதுகளில் குன்னூர்ப் பக்கம் சைக்கிளுக்கு ரிம் வாங்கப் போனால் கடைக்காரர் ஒரே கேள்விதான் கேட்பார்: "முன்னாடிக்கா, பின்னாடிக்கா?" முன்சக்கரத்துக்கு 32 ஓட்டை, பின்சக்கரத்துக்கு 40. ஓட்டுபவரின் எடையும் கேரியர் மூட்டையும் பின்னால் இறங்குவதால் அங்கே எட்டுக் கம்பி கூடுதல். அளவு இருபத்தெட்டுக்கு ஒன்றரை. இரும்பின்மேல் குரோம் முலாம். அதற்குமேல் பேச ஒன்றும் கிடையாது.

போன மாதம் என் அண்ணன் மகன் மலைச்சைக்கிளுக்கு ரிம் மாற்ற வேண்டுமென்று வந்தான். "சித்தப்பா, உள்ளகலம் இருபத்தஞ்சா முப்பதா? அலுமினியமா கார்பனா? ஓட்டை 28 போதுமா, 32 வேணுமா?" கேள்விகள் பெருகியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் மலைச்சரிவில் கற்றுக்கொண்ட பாடம் இருக்கிறது.

அந்தக் காலத்து ரிம்முக்கு இரண்டு வேலை: பாரம் தாங்குவது, பிரேக் பிடிக்க இடம் கொடுப்பது. கம்பி பிரேக்கின் ரப்பர் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். சமவெளியில் அது போதும். நீலகிரியின் மழையிலும் பனிமூட்டத்திலும் நனைந்த குரோமில் ரப்பர் வழுக்கும், வண்டி நிற்காது. கோத்தகிரிச் சாலையில் இறங்கும்போது மழை பிடித்தால் சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டே வருவோம்.

பிறகு அலுமினிய ரிம் போட்ட மலைச்சைக்கிள் வந்தது. ஈரத்திலும் பிரேக் பிடித்தது. 26 அங்குலச் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்து அதிசயித்தோம், அவ்வளவு லேசு. ஆனால் அலுமினியத்துக்கு வேறொரு விதி. எஸ்டேட் பாதையின் செம்மண் துகள் பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு இறக்கத்திலும் ரிம்மின் சுவரை அரைத்தெடுக்கும். பக்கவாட்டில் விரலை ஓட்டினால் குழி தட்டுப்படும். அப்படித் தேய்ந்த சுவர் ஒருநாள் டயரின் அழுத்தம் தாங்காமல் பிளந்துவிடும்.

அந்த ரிம்கள் ஒடுக்கமானவை. உள்ளகலம் 17 மில்லிமீட்டர் அளவில் இருந்தது. ஏன் அவ்வளவு ஒடுக்கம் என்பதை அறிய கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்துக்குப் போக வேண்டும். எழுபதுகளில் டமால்பைஸ் மலையைச் சுற்றியுள்ள மண்பாதைகளில் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி முதலிய இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களில் பாய்ந்து இறங்கினார்கள். 1976-இல் 'ரீபேக்' என்ற இறக்கப் பந்தயம் தொடங்கியது. அவர்களுடைய ரிம்கள் அகலமான இரும்பு. டயர்கள் இரண்டு அங்குலத்துக்கு மேல் பருமன். அந்தப் பருமன்தான் கல்லிலும் சரளையிலும் அவர்களைக் காப்பாற்றியது.

ஆனால் கீழே வந்த வண்டியை மேலே ஏற்றவும் வேண்டுமே. இரும்புச் சக்கரத்தின் கனம் ஏற்றத்தில் ஆளைக் கொன்றது. ஜப்பானின் அராயா போன்ற நிறுவனங்களின் அலுமினிய ரிம் வந்ததும் எல்லோரும் அதற்குத் தாவினார்கள். அடுத்து, சாண்டா குரூஸில் கீத் பான்ட்ரேகர் சாலைச் சைக்கிளின் மெல்லிய மாவிக் ரிம்மை வெட்டி, வளைத்து, 26 அங்குலத்துக்குக் குறுக்கினார். எடை மேலும் குறைந்தது. பந்தயக்காரர்கள் அதை விரும்பினார்கள்; மற்றவர்கள் பந்தயக்காரர்களைப் பின்பற்றினார்கள். எடையைக் கழிக்கும் ஆர்வத்தில் அகலத்தையும் சேர்த்துக் கழித்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து அதே அகலத்தைப் புதிய கண்டுபிடிப்பாக விலை கொடுத்து வாங்குகிறோம்.

ஒடுங்கிய ரிம்மில் பருத்த டயரைப் போட்டால் அது பல்பு மாதிரி அடியில் குறுகி மேலே உப்பும். காற்றைக் குறைத்தால் வளைவில் டயர் பக்கவாட்டில் மடங்கும். கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிப் பாம்புக் கடிபோல் இரட்டை ஓட்டை விழும். அதற்குப் பயந்து காற்றைக் கூட்டினால் டயர் கல்லின்மேல் துள்ளும், பிடிமானம் போகும்.

இந்தச் சிக்கலை மூன்று மாற்றங்கள் சேர்ந்து அவிழ்த்தன. டிஸ்க் பிரேக் வந்ததும் ரிம்மின் சுவர் அரைபடும் வேலையிலிருந்து விடுபட்டது. 1999-இல் மாவிக் கொண்டுவந்த டியூப்லெஸ் முறையில் நசுங்குவதற்கு டியூபே கிடையாது. கடைசியாக அகலம் திரும்பி வந்தது. ரிம்மின் இரு விளிம்புகளும் விலகி நின்றால் டயரின் சுவர் நிமிர்ந்து நிற்கும். ஒரு காலத்தில் 40 பிஎஸ்ஐ அடித்த இடத்தில் இன்று 25-க்கும் கீழே வைத்து ஓட்ட முடிகிறது. தேயிலைத் தோட்டத்து ஈரவேரின்மேல் டயர் வழுக்காமல் படிந்து போகிறது.

அண்ணன் மகன் வண்டியின் சக்கரம் 29 அங்குலம். அப்பாவின் பழைய இருபத்தெட்டு ரிம் பரணில் கிடந்தது. இரண்டையும் அளக்கச் சொன்னேன். டயர் உட்காரும் இடத்தின் விட்டம் பழையதில் 635 மில்லிமீட்டர், புதியதில் 622. இருபத்தெட்டுதான் பெரியது! அங்குலக் கணக்கு டயரின் வெளிவிளிம்பு வரை அளந்த உத்தேசம். டயர் பருத்தால் எண்ணும் பருக்கும். அதனால் ரிம் வாங்கும்போது மில்லிமீட்டர் எண்ணைத்தான் கேட்க வேண்டும்: 26-க்கு 559, இருபத்தேழரைக்கு 584, 29-க்கு 622. இதில் ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது.

தேர்வை ரிம்மிலிருந்து தொடங்கக் கூடாது என்பதே நான் அவனுக்குச் சொன்ன முதல் யோசனை. முதலில் பாதை, அடுத்து அந்தப் பாதைக்கேற்ற டயர், அதன் பிறகே ரிம். எஸ்டேட் மண்பாதைக்கு 2.1 அங்குல டயர் போதுமென்றால் 25 மில்லிமீட்டர் உள்ளகலம் சரி. கல்லும் வேரும் மிகுந்த இறக்கத்துக்கு 2.4 அங்குலம் போட்டால் 30 பொருந்தும். அகலம் கூடக்கூட நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. மெல்லிய டயரை மிக அகன்ற ரிம்மில் மாட்டினால் அதன் முகடு தட்டையாகிவிடும். சுவர் வெளியே துருத்திக் கல்லில் கிழியும்.

கார்பன் லேசானது, விறைப்பானது. அதன் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அலுமினியம் அடிபட்டால் நெளியும், நெளிந்ததை ஓரளவு நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். கார்பன் நெளியாது, எல்லை தாண்டினால் விரிசல் விடும். மாற்று ரிம் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்கும் ஊரில், மாதச் சம்பளக்காரனுக்கு அலுமினியமே சரி. ஓட்டை 32 இருக்கட்டும். ஒரு கம்பி அறுந்தாலும் மீதி 31 தாங்கும். எந்த ஊரிலும் அதைப் பழுதுபார்க்க முடியும்.

இன்னொரு கேள்வியை அவன் கேட்கவில்லை: இதை யார் கட்டுவது? எங்கள் பழைய கடைக்கார அண்ணன் கம்பியைச் சுண்டி ஓசை கேட்டே இறுக்கம் சொல்வார். கோட்டம் எடுக்க அவருக்கு ஒரு நிப்பிள் சாவியும், கவிழ்த்துப்போட்ட சைக்கிளும் போதும். இன்று கம்பியின் இழுவிசையை அளக்கக் கருவி உண்டு. 100 முதல் 120 கிலோ வரை வைக்கலாம் என்று எண்ணும் உண்டு. அந்த இழுவிசையை எல்லாக் கம்பியிலும் ஒரே சீராகக் கொண்டுவரும் கை குறைந்துகொண்டே வருகிறது. சுமாரான ரிம்மை நன்றாகக் கட்டினால் வருடக்கணக்கில் ஓடும். உயர்ந்த ரிம்மை அரைகுறையாகக் கட்டினால் முதல் மழைக்காலத்திலேயே கம்பி அறும்.

ஆகவே அவனிடம் முடிவாகச் சொன்னேன்: "ரிம்முக்கு வச்ச காசுல கொஞ்சம் மிச்சம் பிடி. அதை நல்லா வீல் கட்டத் தெரிஞ்சவர் கையில கொடு. பக்கத்துல நின்னு அந்த வேலையை நீயும் கத்துக்கோ."