ஷட்டர் யாரு கையில, பேராண்டி?

குந்து பேராண்டி. ஷிப்ட் பஸ் வர இன்னும் நேரம் கீது. அந்தப் போனை கொஞ்சம் ஓரமா வை.

இன்னாமோ கிரிப்டோ குரூப்ல சேந்துகினியாமே? விடிஞ்சும் விடியாம எழுந்து, மூஞ்சி தெரியாத ஆயிரம் பேருக்கு 'ஜி.எம்.' போடுறே. பெத்தவ காபி கொண்டாந்து வச்சா அவளுக்கு ஒரு 'ம்' கூட கிடையாது. குட்மார்னிங் போடறதுதான் அங்க மொத மரியாதையாம்!

அடுத்த மரியாதை இன்னான்னா, விலை வுழுந்தா மூச்சு வுடக்கூடாது. "இன்னாங்க இப்டி எறங்குது?"ன்னு வாயைத் தொறந்தா போச்சு. பீதியைக் கெளப்புறவன்னு பேரு வச்சு வெளிய தள்ளிடுவாங்க. கேள்வி கேக்காம இருக்கறதுதான் மரியாதைன்னா, அந்த மரியாதையால யாருக்கு லாபம்? கொஞ்சம் ரோசனை பண்ணு.

மே 22 வந்தா பீட்சா திருநாள் வேற. 2010ல அமெரிக்காவுல ஒருத்தர் 10,000 பிட்காயின் குடுத்து ரெண்டு பீட்சா வாங்கினாரு. வருஷா வருஷம் அதைச் சொல்லி உச்சுக் கொட்டுறீங்க. இன்னாத்துக்கு? உங்க கூட்டத்துல காயினால வயிறு ரொம்பினது அந்த மனுஷனுக்குத்தான்.

எல்லாத்தையும் கிண்டல் பண்ணிட முடியாது, ஒத்துக்கறேன். பழம் தின்னு கொட்டை போட்டவங்க புதுசா வர்றவனுக்கு ரெண்டொரு நல்ல சங்கதியும் சொல்றாங்க. காயின் வச்சிருக்கற பெட்டியைத் தொறக்கற அந்த 12 வார்த்தை இருக்கே, சில பெட்டிக்கு 24, அதை எவன்கிட்டயும் சொல்லாதே. போட்டோ புடிச்சும் வைக்காதே. தாள்ல எழுதிப் பூட்டி வை. தானா தனி மெசேஜ்ல வந்து "உதவி பண்றேன்"றவனை நம்பாதே. இதையெல்லாம் உங்க ஆயா கேட்டா சிரிப்பா. அவ சுருக்குப்பையில எவ்ளோ கீதுன்னு கட்டினவன் எனக்கே இன்னிவரைக்கும் தெரியாது.

சாவி உன் கையில இல்லன்னா காசும் உன்னுது இல்லன்னு இன்னொண்ணு சொல்றாங்களே, அது புரியணும்னா நம்ம செம்பரம்பாக்கம் ஏரிக்கரை மேல ஏறி நில்லு. ரொம்பினா 24 அடி தண்ணி. பாத்தா நம்ம ஊரு சொத்துதான். மெட்ராஸுக்கு எவ்ளோ அனுப்பணும்னு கணக்குப் போடறது யாரு? ஷட்டரை ஏத்தி எறக்கறது யாரு? 2015 டிசம்பர் வெள்ளத்தப்ப உன்னையும் என்னையும் கேட்டா தொறந்தாங்க?

வசீர்எக்ஸ்னு காயின் வாங்கி விக்கற கம்பெனில காசு வச்சவங்களுக்கும் இதான் ஆச்சு. 2024 ஜூலை 18 அன்னிக்கு சுமார் 2,000 கோடி ரூபா காயினைத் திருடங்க சுருட்டிகினு போனாங்க. அத்தோட எல்லார் கணக்கும் முடங்கிச்சு. சென்னையில ஒருத்தர் வச்சிருந்தது திருடு போன ரகமே இல்ல. அப்பவும் எடுக்க முடியல. நஷ்டத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கணும்னு பேச்சு. அந்தச் சென்னைக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2025 அக்டோபர்ல நம்ம ஐகோர்ட்டு, கிரிப்டோவும் ஒருத்தரோட சொத்துதான்னு சொல்லி, அவங்க பங்குக்குப் பாதுகாப்பு குடுத்துச்சு.

உடனே துள்ளாதே. லாபம் வந்தா நூத்துக்கு 30 ரூபா வரி, செஸ் தனி. விக்கும்போதே 1 சதவீதம் புடிச்சிப்பாங்க. நஷ்டம் வந்தா? அதை எந்த லாபத்துலயும் கழிக்க வுடமாட்டாங்க, நீயே கட்டிகினு அழு. ராக்கெட் படமா போடறானே உங்க அட்மினு, இந்தக் கணக்கை ஒருநாளாவது போட்டானா?

சரி, பஸ் ஹாரன் கேக்குது. போற வழியில குரூப்ல ஒண்ணே ஒண்ணு கேளு. "நான் போட்டதுல ஆயிரம் ரூபா இன்னிக்கு எடுக்கணும், எப்டி?" வழி சொன்னா நல்ல கூட்டம்னு வச்சுக்கலாம். "எடுக்கறதுக்கு மொதல்ல இன்னும் ரெண்டாயிரம் கட்டு"ன்னு பதில் வந்தா, போனை எங்கிட்ட குடு. நான் நல்லா நாலு வார்த்தை சொல்றேன். எழுத்துப்பிழை இல்லாம நீ டைப் பண்ணு.