கொக்கி மட்டுந்தான் பாக்கி

பெரம்பலூரில் டெய்லரக்கா இல்லாத தெரு கிடையாது. போர்டு இருக்காது. வாசலில் கிடக்கிற செருப்புகளை வைத்துத்தான் வீட்டை அடையாளம் காண வேண்டும். எல்லாம் லேடீஸ் செருப்பு, எல்லாம் கோபமாகக் கழற்றிப் போட்டவை. உள்ளே முன்னறையில் மோட்டார் போட்ட மெஷின். பக்கத்தில் அளவு ஜாக்கெட்டோடு கட்டுக்கட்டாகப் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு: “பல் டாக்டர் வீட்டம்மா”, “ரேஷன் கடைக்குப் பின்னாடி வீடு”, “அவசரம்”, “ரொம்ப அவசரம்”, “நெஜமாவே அவசரம்”.

அக்காவிடம் ஜாக்கெட் கேட்டுப் போகிறவர்களுக்குப் பதில்கள் வரிசையாக வரும். “எடுத்து வச்சுட்டேன்க்கா” என்றால் துணி பையைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை. “கை மட்டும் ஏத்தணும்” என்றால் லைனிங் துணி தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. “கொக்கி மட்டுந்தான் பாக்கி” என்று சொல்லிவிட்டால், இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் வெட்டிவிடுவார் என்று தைரியமாக நம்பலாம். போனில் கேட்டால் இந்தப் பதில்களும் கிடைக்காது. இரண்டாம் வகுப்பு படிக்கிற பாப்பாதான் எடுக்கும். “அம்மா குளிக்கிறாங்க.” அம்மா வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு எதிரேதான் நிற்பார்.

அவரைப் பொய்க்காரி என்று சொல்கிறவர்கள் காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டில் நின்று பார்த்ததில்லை. அங்கே நேரத்தைச் சொல்வது குக்கர். மூன்று விசிலுக்குள் சாதாரணக் கை ஒன்று ஏறிவிடும். பஃப் கை என்றால் ஆறு விசில். அதற்குள் பருப்பு குழைந்து கூழாகியிருக்கும். தட்டில் விழுகிற சாம்பாரைப் பார்த்தே, “என்ன, கல்யாண ஆர்டரா?” என்று கேட்கிற அளவுக்கு வீட்டுக்காரர் தேறியிருக்கிறார். பாப்பாவுக்கு ஜடை பின்னும்போது ரிப்பனைப் பல்லில் கடித்தபடி, முழங்காலால் முன்பக்கத் துணியை அமுக்கிப் பிடித்திருப்பார். “அம்மாடி, என் மாத்திரை எங்க?” என்று உள்ளேயிருந்து மாமியார் கூப்பிடுவார். மாத்திரை, அத்தையின் தலைமாட்டில்தான் இருக்கும். எப்போதும் அங்கேதான் இருக்கும்.

2019-ஆம் ஆண்டு முழுக்க மத்திய அரசின் புள்ளியியல் துறை நாடெங்கும் வீடு வீடாகப் போய், மக்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. விடிகாலை நாலு மணி தொடங்கி மறுநாள் நாலு மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டம். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் சராசரியாக ஒரு நாளில் 299 நிமிடம் அதற்குக் கொடுக்கிறார்கள் என்று தெரியவந்தது. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. அந்த ஒரு நிமிடத்தில் கண்ணாடி பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு 97 நிமிடம். ‘செய்கிற’ ஆண்களுக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான் அகப்பட்டார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு விதி உண்டு. ஒரு வேலை பத்து நிமிடமாவது நடந்தால்தான் அது கட்டத்தில் ஏறும். நம் அக்காவின் காலையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓடுகிற வேலை ஒன்றுகூடக் கிடையாது. பாபின் மாற்ற ஒரு நிமிடம், பால் பொங்காமல் பார்க்க இரண்டு, வேன்காரரிடம் “இதோ வந்துட்டாப்பா தம்பி” என்று கத்த அரை நிமிடம். அதிகாரி வந்து கேட்டிருந்தால், ஏழரையிலிருந்து எட்டு வரை இந்தம்மா சும்மா இருந்தார் என்றுதான் எழுதியிருக்க வேண்டும். வீட்டுக்காரரின் கருத்தும் ஏறக்குறைய அதுதான்.

சுயதொழில் பயிற்சிக்குப் போனால் நேர மேலாண்மை என்று ஒரு வகுப்பு எடுப்பார்கள். பலகையில் நாலு கட்டம் போட்டு, அவசரமானது, முக்கியமானது என்று வேலைகளைப் பிரித்து எழுதச் சொல்வார்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசனோவர் பெயரில் வழங்குகிற முறை அது. அக்கா எழுதினால் முதல் கட்டம் நிரம்பி வழியும், மற்ற மூன்றும் காலியாகக் கிடக்கும். ஐசனோவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருடைய மாமியாரும் வெள்ளை மாளிகையில் அவர்களோடுதான் இருந்தார். மாத்திரை எங்கே என்று அந்தம்மா ஜனாதிபதியைக் கேட்டதாகத் தகவல் இல்லை.

அக்காவுக்கு வேறு ஒரு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் விசேஷ நாட்கள் போக வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலைக்குப் போய்விடுகிறாள் என்பார்கள். அம்மனிடம் யாரும் போன் போட்டு ஏன் என்று கேட்பதில்லை. மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டு, திறக்கிற நாளில் போய் நிற்கிறார்கள். அக்காவும் ஒரு தடவை, “இனிமே திங்கள், வெள்ளிதான் துணி வாங்குவேன்” என்று சொல்லிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு, எதிர்வீட்டு அத்தை துணியோடு வந்து நின்றார். “நான் என்ன வெளியாளா?”

தேதி தவறுவது ஒரு பக்கம் மட்டும் நடக்கிற காரியமும் இல்லை. இது சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற ஊர். ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு, “வெங்காயம் வித்ததும் தர்றேன்க்கா” என்று சொல்லிப் போகிறவர்கள் உண்டு. வெங்காயம் விலை ஏறட்டும் என்று பட்டறையில் காத்திருக்கும். அதனோடு அக்காவின் கூலியும் காத்திருக்கும். செட்டிகுளத்துக்காரர் ஒருவரின் தீபாவளி ஜாக்கெட்டுக்குப் பணம் பங்குனியில் வந்தது. “விலை எறங்கிடுச்சுக்கா” என்று அதிலும் நாற்பது ரூபாய் குறைத்துத்தான் தந்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஜாக்கெட்டையும் அவர் தீபாவளிக்கு மறுநாள்தான் கொடுத்திருந்தார்.

அரியலூர் அக்கா கொஞ்சம் வேறு மாதிரி. 1995-ல் திருச்சியிலிருந்து பிரித்த பெரம்பலூர் மாவட்டத்தை 2001-ல் பிரித்து அரியலூரைத் தனியாக்கி, 2002-ல் மறுபடி ஒட்டி, 2007-ல் திரும்பவும் பிரித்தார்கள். அளவு சரியில்லாத ஜாக்கெட் பட்ட பாடுதான். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. பஸ்தான், ஒன்று போனால் அடுத்தது. ஆகவே இங்கே வாடிக்கையாளரை இன்னும் பத்து நிமிடம் உட்கார வைக்கலாம். அரியலூரில் அது நடக்காது. “பல்லவனைப் பிடிக்கணும்க்கா, சென்னையில ரிசப்ஷன்” என்பார்கள். பல்லவன் ரயில் கொக்கிக்காக நிற்காது. போதாக்குறைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று தெருவில் போனால், வெள்ளைத் துணியையெல்லாம் போர்த்திவிட்டு லாரி தாண்டும்வரை கையைக் கட்டி உட்கார வேண்டும். அந்த அக்காவுக்குக் கிடைக்கிற ஓய்வு அதுதான்.

இடையில் ஒரு நல்லது நடந்தது. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பாப்பாவுக்குப் பள்ளியிலேயே உப்புமாவும் கிச்சடியும். பெரம்பலூர் அக்காவுக்கு முழுசாக அரை மணி நேரம் மிச்சம். அந்த அரை மணியில் ஒரு நாளைக்கு ஒரு ஜாக்கெட் கூடுதலாக முடிக்கலாம் என்று கணக்குப் போட்டார். அதே கணக்கை வேறு இரண்டு பேரும் போட்டார்கள். அத்தைக்கு ரொம்ப நாளாகக் காலையில் கேழ்வரகுக் கூழ் குடிக்கவேண்டும் என்று ஆசை. வீட்டுக்காரருக்கு, சட்டையை யாராவது இஸ்திரி போட்டுத் தந்தால் தேவலை என்று இருந்தது. திட்டம் வந்த ஒரு வாரத்தில் அரை மணி நேரம் பங்கு பிரிக்கப்பட்டு, அக்காவின் பங்காக மெஷினுக்கு எண்ணெய் விடுகிற அளவு நேரம் மிஞ்சியது.

போன மாதம் ஒரு வாடிக்கையாளரம்மா உரிமையோடு சொன்னார். “வீட்டுல வச்சிருக்கறதாலதான் ஆளாளுக்கு வேலை வாங்குறாங்க. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதா ஒரு கடையைப் பிடி. ஒன்பது மணிக்குத் திற, எட்டு மணிக்கு மூடு.” அக்கா மெஷினை நிறுத்திவிட்டு நிஜமாகவே யோசித்தார்.

“நல்ல யோசனைதான்க்கா. ஆனா காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நான் கடையில உக்காந்திருந்தா, இந்தத் துணியெல்லாம் எப்பக்கா தைக்கிறது?”