எக்ஸ்போர்ட் சார்

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்தோடு ஒரு பழைய பங்களாவும், பங்களாவோடு ஒரு பழைய காரும் சேர்ந்து வந்துவிட்ட குடும்பங்கள் உண்டு. சிலர் காரைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். சிலர் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். இரண்டும் செய்யாமல், காரைக் கப்பலேற்றி வெளிநாட்டில் விற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டே காலம் தள்ளுகிறவர் மூன்றாவது ரகம். ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் அவருக்கு எக்ஸ்போர்ட் சார் என்று பெயர். அவர் இதுவரை ஒரு ஆரஞ்சுப் பழத்தைக்கூட எக்ஸ்போர்ட் செய்ததில்லை என்பதைப் பெயர் வைத்தவர்கள் பொருட்படுத்தவில்லை.

நான் சொல்லும் எக்ஸ்போர்ட் சாரிடம் இருப்பது மோரிஸ் மைனர். 918 சி.சி. என்ஜின், மூன்றே முக்கால் மீட்டர் நீளம், நடுவில் வகிடெடுத்த முன்கண்ணாடி. லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் 1948இல் வெளிவந்த மாடல். இவருடைய கார் எந்த வருஷத்தது என்பது மட்டும் கேட்கிற ஆளைப் பொறுத்தது.

வாங்கும் ஆசையோடு யாராவது கேட்டால், "நாப்பத்தொன்பதுங்க. பேக்டரியில மொதமொதல்ல வந்த செட்டு" என்பார். கேட்பவர் அரசாங்க உத்தியோகஸ்தர் என்று தெரிந்தால் குரல் இறங்கிவிடும். "அம்பத்தொண்ணுன்னு நெனைக்கிறேன் சார். ரொம்பப் புதுசு."

காரணம் இருக்கிறது. 1950 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னால் தயாரான காரை நம் நாட்டிலிருந்து நினைத்தபடி வெளியே அனுப்ப முடியாது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் ஏற்றுமதிக் கொள்கையில் அது கட்டுப்படுத்தப்பட்ட சரக்கு, லைசென்ஸ் வேண்டும். கார் மட்டுமல்ல, அதன் உதிரிபாகங்களுக்கும் அதே கதிதான். சமஸ்தானங்களின் ரோல்ஸ் ராய்ஸ்கள் வரிசையாகக் கப்பலேறிப் போன காலம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துப் பதறி மூடிய கதவு இது. எக்ஸ்போர்ட் சாருக்கு இதில் தீராத மனக்குறை. "மகாராஜாக்க பண்ணுன தப்புக்கு மைனரைப் புடிச்சு உள்ள போட்டாங்க" என்பார்.

ஆக, 1949 என்றால் விலை உண்டு, வழி இல்லை. 1951 என்றால் வழி உண்டு, விலை இல்லை. ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். தயாரிப்பு ஆண்டு எழுதியிருக்கும் இடத்தை மட்டும் பூச்சி தின்றிருக்கிறது. நம் ஊர்ப் பூச்சிகளுக்கு இவ்வளவு சட்ட ஞானம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

இங்கிலாந்தில் கேய்டன் என்ற ஊரில் ஒரு மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. சேசிஸ் நம்பரை அனுப்பிப் பணம் கட்டினால், பழைய ஆலைப் பதிவேட்டைப் புரட்டி, இன்ன கார் இன்ன தேதியில் தயாரானது என்று சான்றிதழ் தருவார்கள். இதைச் சாரிடம் சொன்னவர்கள் பலர். பென்சிலால் தேய்த்து எடுத்த சேசிஸ் பிரிண்டும் அவர் பீரோவில் தயாராக இருக்கிறது. அனுப்பத்தான் இல்லை. "போஸ்ட்ல தொலைஞ்சுட்டா?" என்கிறார். ஈமெயிலில் அனுப்பலாம் என்றால், "அது இன்னும் சுலபமாத் தொலையும்" என்கிறார்.

அவரோடு காப்பி குடிக்க உட்கார்ந்தால் உலகப் படம் விரியும். முதலில் அமெரிக்கா. அங்கே 25 வயது தாண்டிய காருக்குப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ஸ்டியரிங் அந்தப் பக்கம், அதனால் வேண்டாம். இலங்கைதான் பக்கம், ஸ்டியரிங்கும் தோது. ஆனால் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திறந்தபோது புதுக் கார்களுக்கும் சில வருஷமே ஓடிய கார்களுக்கும்தான் இடம். ஆஸ்திரேலியாவைப் பற்றி அவர் பேசும்போது குரலில் நடுக்கம் தெரியும். அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கலந்த எதுவும் உள்ளே வரக் கூடாது என்று 2003 கடைசியிலேயே தடை போட்டுவிட்டார்கள். பழைய பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் அது இருக்கும். இல்லை என்று நிரூபிப்பது அனுப்புகிறவர் பாடு. சேலத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "இந்த வண்டியில ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமா?" என்று கேட்டார். மெக்கானிக் காரைச் சுற்றி வந்து, ஷெட்டின் கூரையை அண்ணாந்து பார்த்து, "மேல இருக்குதுங்க" என்றார்.

போதாக்குறைக்கு அங்கே மண்ணும் ஆகாது. சக்கர வளைவில் காய்ந்த சேறு, விதை, சிலந்தி எது இருந்தாலும் துறைமுகத்தில் நிறுத்தி, அவர்களே கழுவி, கழுவின கூலியையும் நம்மிடம் வாங்கிவிடுவார்கள். சாரின் மைனருக்கு அடியில் சேர்வராயன் மலைச் செம்மண் மட்டும் ஒரு அங்குலத்துக்கு இருக்கும். பின் சீட்டுக்குக் கீழே ஒரு மிளகுக் கொடி முளைத்திருந்ததை நானே பார்த்தேன்.

எனவே சுற்றிச் சுற்றி இங்கிலாந்துக்கே வருவார். அங்கே 30 வருஷத்துக்கு மேற்பட்ட, உற்பத்தி நின்றுபோன, சேகரிப்பாளர்களுக்கான கார் என்று ஒப்புக்கொண்டால் சுங்கம் கிடையாது. 5 சதவீத வாட் வரி மட்டும். ஒரே நிபந்தனை, சேசிஸும் என்ஜினும் பிரேக்கும் பெரிய மாற்றமில்லாமல் பிறந்தபடியே இருக்க வேண்டும். சாரின் காருக்குப் பிரேக் அம்பாசடருடையது, ஹாரன் மாருதியுடையது, சீட் ரெக்சின் செவ்வாய்ப்பேட்டையில் தைத்தது. 20 கொண்டை ஊசி வளைவு இறங்குகிற வண்டிக்குப் பிறந்தபோது இருந்த பிரேக்கே போதும் என்று சொல்பவர் ஏற்காட்டுக்காரராக இருக்க முடியாது.

இது ஒருபுறம் இருக்கட்டும். மோரிஸ் மைனர் இங்கிலாந்திலேயே பிறந்த கார். எல்லா மாடலும் சேர்த்து 16 லட்சம் செய்தார்கள். இன்னும் அங்கே அதற்கு ஓனர்கள் சங்கமும், ஆணி முதல் கூரை வரை விற்கும் கடைகளும் இருக்கின்றன. அங்கே கொண்டுபோய் மைனரை விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். இதைச் சொன்னால் சார் அசரமாட்டார். 1990களில் நம் அம்பாசடரை ஃபுல்போர் என்ற பெயரில் அங்கே விற்ற கதையை எடுத்துவிடுவார். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்று அவர்கள் கொடுத்த காரை, ஹீட்டரும் சீட் பெல்ட்டும் வைத்து அவர்களிடமே கொண்டுபோய் விற்ற சாதனை அது. அந்த வியாபாரம் கொஞ்ச நாளில் படுத்துவிட்டது என்ற பகுதியை அவர் சொல்வதில்லை, கேட்டால், "அது மார்க்கெட்டிங் கோளாறு."

செலவுக் கணக்குக்கு ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். அதில்தான் அவருடைய மேதைமை முழுவதும் இருக்கிறது.

முதல் பக்கம், மலை இறங்குவது. கண்டெய்னர் ட்ரெய்லர் ஏற்காட்டுக் கொண்டை ஊசிகளில் ஏறாது. எனவே காரைச் சிறு லாரியில் அடிவாரத்துக்கு இறக்கி, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடந்து, சேலம் போய், அங்கிருந்து சென்னைத் துறைமுகம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் புதுக் கார்கள் போவதுபோல நேராக ஓட்டிக் கப்பலுக்குள் ஏற்றும் ரோ-ரோ முறை மலிவுதான். ஆனால் அதற்குக் கார் தானாக ஸ்டார்ட் ஆக வேண்டும். மைனரை ஸ்டார்ட் செய்ய ஒரு ஹேண்டிலும் மூன்று தோட்டத் தொழிலாளர்களும் ஓர் இறக்கமும் தேவை. கப்பலில் முதல் இரண்டுக்குக்கூட ஏற்பாடு செய்யலாம், இறக்கத்துக்கு எங்கே போவது? ஆகவே கண்டெய்னர்.

இரண்டாம் பக்கத்தில் 20 அடி கண்டெய்னர். உள்நீளம் ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மைனரை உள்ளே விட்டால் இரண்டு மீட்டர் மிச்சம். காலி இடத்துக்கும் டாலரில் வாடகை கட்டுவதா? இந்த இரண்டு மீட்டர்தான் சாரின் தூக்கத்தைக் கெடுத்தது. அதில் தன் தோட்டத்துக் காப்பியை அடுக்கினால் கப்பல் கூலி காரின் தலையிலிருந்து காப்பியின் தலைக்குப் போய்விடும்! காக்பர்ன் துரை 1820களில் இந்த மலையில் காப்பி நட்டதே இதற்காகத்தான் என்பதுபோல முகம் மலர்ந்தது. விசாரித்தபோது, காப்பி அனுப்பக் காப்பி வாரியத்தில் ஏற்றுமதியாளராகப் பதிய வேண்டும், பூச்சி இல்லை என்ற சான்று வேண்டும், கொட்டை வாசனை பிடிக்கும் என்பதால் பெட்ரோல் நாற்றத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக வந்தது. சரி, காப்பி வேண்டாம், கார் ஆடாமல் இருக்கத் தோட்டத்து சில்வர் ஓக் கட்டைகளை முட்டுக்கொடுக்கலாம் என்றார். அந்தக் கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் வெந்திருக்க வேண்டும், வெந்ததற்கு முத்திரை வேண்டும் என்பது சர்வதேச விதி. "கட்டையக்கூட வேக வெச்சுத்தான் திங்கறாங்க" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

மூன்றாம் பக்கம் முழுக்கக் கட்டணங்கள். துறைமுகக் கையாளும் கூலி, லாஷிங், பில் ஆஃப் லேடிங், கஸ்டம்ஸ் ஏஜென்ட், 2016 ஜூலையிலிருந்து கட்டாயமான கண்டெய்னர் எடைச் சான்று, அந்தக் கரையில் மறுபடியும் கையாளும் கூலி, நாள் தப்பினால் டெமரேஜ். இத்தனையையும் எண்ணிவிட்டு, முதல் தமிழ் வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' நம் மலையடிவாரத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் எடுத்ததுதான் என்று நினைவூட்டுவார். வேறெதுவும் சொல்லமாட்டார்.

காகிதங்களும் கொஞ்சமில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்று, திருட்டு வண்டி இல்லை என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகப் பதிவிலிருந்து ஒரு சான்று. "ஷெட்டை விட்டே வராத வண்டிய எவன் திருடுவான்?" இன்சூரன்ஸுக்குக் காரின் மதிப்பைக் கேட்பார்கள்; கடலில் மூழ்கினால் கிடைக்கப்போவது என்பதால் 40 லட்சம் என்று எழுதினார். சுங்கத்துக்கு எழுதும் மதிப்பு இரண்டு லட்சம். இரண்டு தாளும் ஒரே மேசைக்குத்தான் போகும் என்று கஸ்டம்ஸ் ஏஜென்ட் சொன்னதிலிருந்து அந்த ஏஜென்ட்மீது அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஒரே ஒரு காகிதத்தை மட்டும் முறையாக வாங்கியிருக்கிறார். ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். 500 ரூபாய் கட்டணம். லேமினேட் செய்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருஷா வருஷம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் அதைப் புதுப்பிக்காவிட்டால் செயலிழந்துவிடும். ஊரே கோடை விழா மலர்க் கண்காட்சிக்குப் போயிருக்கும் மே மாத மத்தியானத்தில், சட்டை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மாறாத விவரங்களை மாறவில்லை என்று பதிவு செய்வார். அவருடைய ஏற்றுமதி நிறுவனத்தின் ஆண்டு விழா அதுதான்.

காகிதம் சரியானாலும் கடல் சரியாக இருப்பதில்லை. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்ட ஆறு நாளும் அவர் வீட்டில் துக்கம். அதே வருஷம் கண்டெய்னர் வாடகை பல மடங்கு ஏறியது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. "நான் நோட்டை எடுத்தாலே சூயஸுக்குச் சனி புடிக்குது" என்பார். அவருடைய அப்பாவும் இதே காரை இதே கப்பலில் அனுப்ப நினைத்தவராம். அவர் காலத்தில் 1967இல் மூடிய கால்வாய் 1975இல்தான் திறந்தது. பரம்பரைத் தொழில்.

வீட்டு அம்மாவுக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை. கார்மேல் போட்ட தார்ப்பாயில் மிளகு காயப் போடுகிறார். கேட்டால், "கப்பல் வர்ற வரைக்கும்தானுங்க" என்பார். அவர் குரலில் கிண்டல் இருக்கிறதா என்று நான் கூர்ந்து கேட்டிருக்கிறேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

போன வருஷம் கோயமுத்தூரிலிருந்து பழைய கார் சேகரிக்கும் ஒருவர் பணத்தோடே வந்துவிட்டார். தார்ப்பாயை எடுத்தார்கள். வந்தவர் குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், விலை கேட்டார். சார் பவுண்டில் சொன்னார்.

"சார், அது லண்டன் விலைங்க. அப்ப லண்டனுக்கு அனுப்பற செலவைக் கழிச்சுக்கலாங்களா?"

"அதை எதுக்குக் கழிக்கணும்? நான்தான் அனுப்பவே இல்லையே."

"அப்ப லண்டன் விலை எதுக்குங்க?"

சார் நெடுநேரம் அவரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டினார். இரண்டு மீட்டர் காலியிடம் வருவதற்குள் கோயமுத்தூர்க்காரர் குப்பனூர் வழியா, அடிவாரம் வழியா, எது சீக்கிரம் இறங்கும் என்று டிரைவரிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார். அவர் கார் கிளம்பியதும், "உள்ளூர்ல குடுத்தா வண்டிக்கு மரியாதை இல்லீங்க" என்றார் சார். அன்று ராத்திரி அவர் மூன்று இட்லி கூடுதலாகச் சாப்பிட்டதாக வீட்டு அம்மா தகவல்.

இப்போது நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறார். 50 வருஷத்துக்கு மேற்பட்ட பழைய கார்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாம் என்று 2025இல் விதி தளர்ந்துவிட்டது அல்லவா? வரி விலையை விழுங்கும், அதைப் பற்றிக் கவலையில்லை. ஐ.இ.சி. எண் ஏற்றுமதிக்கு மட்டுமல்ல, இறக்குமதிக்கும் அதே எண்தான்.

"இங்கிலாந்துல மைனர் சல்லிசாக் கெடைக்குது. இன்னொண்ணை வரவழைச்சுட்டா ஜோடியா விக்கலாம். ஜோடின்னா வெளிநாட்டுல தனி விலை" என்றார்.

"எங்கீங்க நிறுத்துவீங்க?" என்று கேட்டேன்.

சமையற்கட்டிலிருந்து பதில் வந்தது: "வரட்டுமுங்க, அதுமேல காப்பிக் கொட்டை காயப் போட்டுக்கறேன்."