ஸ்டார்ட் ஆகாத டிராக்டர்: ஒரு தூண் - துரும்பு ஆராய்ச்சி

தமிழில் ஆராயப்படாத பொருளே இல்லை என்பார் உளர். அது பொருந்தாது. என்னை? நவரை அறுத்து முடித்து, சொர்ணவாரிக்குச் சேடை ஓட்டும்வரை மாட்டுக் கொட்டகை ஓரம் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய டிராக்டர், சாவியைத் திருகியதும் ஏன் உயிர் பெறுவதில்லை என்னும் வினாவுக்கு உரை எழுத இன்னும் யாரும் முன்வரவில்லை. அக்குறை தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை சிங்கப்பெருமாள் கோவில். தெற்கே பரனூர், வடக்கே மறைமலைநகர், ஒரகடம் போகும் சாலையில் ஆப்பூர் வரை கொள்க. கழனியெல்லாம் பிளாட் ஆனபின் இங்குள்ள பல டிராக்டர்கள் கலப்பையை மறந்து தண்ணீர் டேங்கரும் சவுடு மண்ணும் இழுக்கின்றன. அவற்றில் மூத்த குடியான சிவப்பு மாஸி 1035-ஐ மூலபாடமாக எடுத்துக்கொண்டோம். 1960-இல் சென்னையில் பிறந்த டாஃபே கட்டிய வண்டி அது. உள்ளே இருக்கும் மூன்று சிலிண்டர் எஞ்சினோ, 1840-இல் குதிரை வண்டி கட்டித் தொழில் தொடங்கிய சிம்சன் கம்பெனியுடையது. பக்கத்திலேயே மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் 2012-இல் திறந்த பெரிய ஆய்வு வளாகத்தில் பொறியாளர்கள் புதுப்புது டிராக்டர் வடிவமைக்கிறார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் நம் ஆய்வுப்பொருளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுமே ஆராய்ச்சிதான், நிதி ஒதுக்கீட்டில்தான் வேறுபாடு.

இனிக் கோட்பாடு. ஊருக்குப் பெயர் தந்த நரசிம்மர் குடைவரையில் இருக்கிறார். அவரை வலம் வர வேண்டுமானால் மலையையே சுற்ற வேண்டும். அவர் அவதாரக் கதையிலேயே நம் ஆய்வுக்கான திறவுகோல் கிடக்கிறது. தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான் என்றான் பிள்ளை. இரணியன் எதை அடித்தான்? தூணை. கீழே கிடந்த துரும்பைக் காலால் தட்டியிருந்தாலும் சிங்கம் வந்திருக்கும். ஆனால் பெரிய மனிதர்களுக்குச் சந்தேகம் எப்போதும் தூண் மேல்தான். டிராக்டர்க்காரரும் அப்படியே. வண்டி எழவில்லை என்றதும் பம்பு போச்சு, நாசில் போச்சு, போர் தேய்ஞ்சு போச்சு என்று ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் உறுப்புகளையே நினைத்துக் கலங்குவார். கோளாறு பெரும்பாலும் துரும்பில் இருக்கும்.

வண்டியைச் சுற்றிக் கூடுவோரின் மதங்கள் பல. பேட்டரி மதத்தார் எதற்கும் பேட்டரியே மூலகாரணம் என்பர். ஏர் மதத்தார், "காத்து வாங்கியிருக்கும்ணே" என்று தூரத்திலிருந்தே தீர்ப்புச் சொல்வர். கண்ணேறு மதத்தார் எலுமிச்சம்பழத்தோடு வருவர், அவர்களால் தீங்கில்லை. மார்கழிப் பனி மதத்தாரை மட்டும் மறுத்தாக வேண்டும். நம் பக்கத்து விடியற்காலைக் குளிர் 20 டிகிரியை ஒட்டியது. அதற்கெல்லாம் நல்ல டீசல் எஞ்சின் முரண்டு பிடிக்காது. பைக் வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் தவறாமல் வந்து, "பிளக்கைக் கழட்டித் துடைங்க மாமா" என்பார். மாமா கழற்ற முடியாது. டீசல் எஞ்சினில் அந்தப் பிளக்கே கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கினால் அதன் சூடு 500 டிகிரியைத் தாண்டும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இதை உலகுக்கு நிறுவிக் காட்டினார். செய்தி நம்மூர் பைக் ஸ்டாண்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

முறையான ஆய்வு செவியில் தொடங்கும். சாவியைத் திருகினால் வரும் ஒலி மூவகை: மௌனம், 'டக்', 'கிர்ர்... கிர்ர்'. மௌனமாயின் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி திருகுக. விளக்கே எரியாவிட்டால் பேட்டரி காலி, அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது. விளக்கு பளிச்சென்று எரிந்து, திருகும்போதும் மங்காவிட்டால், கரண்டு செல்ஃப் மோட்டாருக்குப் போகவே இல்லை. சாவி ஸ்விட்சையும் வயரையும் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் கிளட்ச் அடியிலோ கியர் பக்கத்திலோ ஒரு பாதுகாப்பு ஸ்விட்சும் உண்டு. 'டக்' என்ற ஒலியோடு விளக்கு மங்கினால் பேட்டரிக்குப் பலமில்லை, அல்லது டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருக்கிறது. நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போய்விட்டதென்றால் சார்ஜ் ஏற்றாமல் பேசிப் பயனில்லை. பூத்ததை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிக் கட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு டீக் காசுக்குள் அடங்கும். சேஸிஸில் மாட்டிய எர்த் வயரை எல்லோரும் மறப்பார்கள்; அதன் துரு எத்தனையோ புதுப் பேட்டரிகளை வீணாக வாங்க வைத்திருக்கிறது.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் ஆய்வு செவியிலிருந்து கண்ணுக்கு மாறும். புகைக்குழாயைப் பார்க்க. புகையே இல்லையெனில் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் போகிறது, எரியவில்லை. மெக்கானிக்குகள் இதை ஒரு நொடியில் படிப்பார்கள். நாமோ அந்நேரம் செல்ஃபையே விடாமல் அடித்துக்கொண்டிருப்போம். பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடித்தால் மோட்டார் சூடேறும், பேட்டரியும் படுத்துக்கொள்ளும்.

டீசல் போகாமைக்கு ஏர் மதத்தார் சொல்வது இங்கே மெய்யே. டேங்க் காலியாகும்வரை ஓட்டினாலும், பில்டர் மாற்றினாலும் குழாயில் காற்று புகும். காற்று நெருங்கி நெருங்கி இடம் கொடுத்துவிடுவதால், நாசில் திறக்கத் தேவைப்படும் அழுத்தம் ஏறாது. காற்று அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தம் அது. பில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, ஃபீடு பம்பின் கைநெம்பை அடித்தால் நுரை நுரையாய் வரும். நுரை நின்று சுத்த டீசல் வழிந்ததும் இறுக்குக. அடுத்துப் பெரிய பம்பு, கடைசியில் நாசில் நட்டு. வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்துதான். சில நாள் அத்தனையும் செய்தும் பயனிராது. டேங்க் மூடியின் காற்றுத் துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்க மறுக்கும். துரும்புக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சான்று முடிந்தது, முயற்சி பற்றிய சர்ச்சை பாக்கி. வைணவத்தில் மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என இரண்டு உண்டு. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும். நெம்பு அடித்தும், ஏரிக்கரைச் சரிவில் நிறுத்திவைத்து உருட்டியும் ஸ்டார்ட் செய்பவர் முன்னதைச் சேர்ந்தவர். மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்பவர் பின்னவர். இருவருக்கும் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. முன்னவருக்கு இடுப்பு வலி, பின்னவருக்குப் பில் என்பதே பேதம். ஆய்வாளர் எந்தக் கலையையும் சாரார்.

மூன்றாவது ஒரு கூட்டம் உண்டு; அதை மட்டும் கேலி செய்ய மனம் வரவில்லை. கீழே நின்று செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளை ஸ்பானரால் இணைத்து ஸ்டார்ட் செய்பவர்கள் அவர்கள். கியரில் இருக்கும் வண்டி அப்போது உயிர் பெற்றால், முன்னால் நிற்பவர் மேல் பின் சக்கரம் ஏறிவிடும். இதைச் செய்யவே செய்யாதீர்கள். நட்டு தளர்த்திய நாசில் பக்கம் கையை நீட்டவும் வேண்டாம். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துப் போகும்.

கடைசியாக ஒன்று. பழைய வண்டியை நிறுத்துவதற்கு இழுக்கும் ஸ்டாப் குமிழ், இழுத்தபடியே வெளியே நின்றால் பம்பு டீசலை விடாது. மெக்கானிக்குக்குப் போன் போடும் முன், மாமா, அது உள்ளே தள்ளியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.