கைப்பிடிச் சூட்டியல்: ஓர் ஆய்வுரை

குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். இந்த இலக்கணத்தை வகுத்தவர்கள் தலைவனை நள்ளிரவில் மலைவழியே தனியாக நடக்க விட்டார்கள். யானை, பாம்பு, காட்டாறு என்று அவனுக்கு நேரக்கூடிய இடர்களுக்கெல்லாம் தோழி கவலைப்பட்டாள். விரல் விறைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. நடந்து வருகிறவன் கையைக் கக்கத்தில் செருகிக்கொள்ளலாம் என்பதே காரணமாக இருக்க வேண்டும். மார்கழி விடியலில் நீலகிரியின் தலைகுந்தாவைக் கடந்து பைக்கில் கல்லட்டி இறங்குகிற இக்காலத் தலைவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. வலக்கை ஆக்சிலேட்டரில், இடக்கை கிளட்சில். இரண்டையும் விட்டால் பாட்டு வேறு திணைக்குப் போய்விடும். இந்த இடைவெளியை நிரப்பவே இவ்வாய்வு.

முதலில் குளிரை அளந்துகொள்வோம். காற்று எவ்வளவு குளிரைக் கூட்டுகிறது என்பதை அண்டார்டிகாவில் முறையாக அளந்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாஸல் என்ற இரு அமெரிக்கர்கள். பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் ஊற்றி, காற்றில் மாட்டி, அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். முடிவு 1945-ல் அச்சேறியது. 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்திப் புதுச் சூத்திரம் கொண்டுவந்தன. அதில் 5 டிகிரி செல்சியஸையும் மணிக்கு 60 கிலோமீட்டரையும் போட்டால் சுமார் மைனஸ் 2 வருகிறது. ஆனால் அந்தச் சூத்திரம் எதிர்காற்றில் நடந்துபோகிறவனின் முகத்துக்காக வகுக்கப்பட்டது. நம் ஆளின் முகமோ ஹெல்மெட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. வெளியே கிடக்கும் விரல் முட்டிகளைப் பற்றிச் சூத்திரம் வாய் திறக்கவில்லை. அறிவியலும் அகத்திணையும் ஒரே இடத்தில்தான் கோட்டை விட்டிருக்கின்றன.

விரலுக்குள் சொல்லிக்கொள்ளும்படி தசை இல்லை. அதை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் முன்கையில் உட்கார்ந்துகொண்டு நாண்களால் இழுக்கின்றன. ஆகவே விரல் தானாகச் சூடு உண்டாக்குவது மிகக் குறைவு. ரத்தம் கொண்டுவருவதை வைத்துத்தான் பிழைப்பு. குளிர் ஏறினால் உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றிக்கொண்டு விரலுக்கான குழாய்களைச் சுருக்கிவிடும். கையுறை போட்டால் போதாதா எனின், போதாது. கையுறை இருக்கும் சூட்டைக் காக்குமே தவிர, இல்லாத சூட்டை உண்டாக்காது.

இங்கேதான் ஹீட்டட் கிரிப் அரங்கேறுகிறது. ரப்பர் பிடிக்குள் மின்தடைக் கம்பி; அதில் 12 வோல்ட் மின்சாரம்; ஹேண்டில் பாரில் ஒரு சின்ன ஸ்விட்ச். ஏழெட்டு நிமிடத்தில் உள்ளங்கை சுடும். வாங்கி மாட்டியவர்கள் முதல் நாள் எல்லோரிடமும் சொல்வார்கள், இரண்டாம் நாளும் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஏன் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதே நம் ஆய்வின் மையக் கேள்வி.

விடை எளிது. காற்று அடிப்பது புறங்கையில். சூடு வருவது உள்ளங்கையில். கை திருப்பிப் போடாத தோசையாகிவிடுகிறது, அடியில் முறுகலும் மேலே மாவுமாக. சூடு மேலே ஏறட்டும் என்று தடித்த கையுறை போட்டால் அது காற்றைத் தடுப்பதோடு கைப்பிடியின் சூட்டையும் தடுக்கும். மெல்லிய கையுறை போட்டால் சூடு வரும், காற்றும் வரும். உள்ளங்கைப் பக்கம் மெல்லியதாகவும் புறங்கைப் பக்கம் தடித்ததாகவும் இருக்கும் கையுறையே இதற்குப் பொருந்தும் என்க.

இன்னும் நுட்பமானது கல்லட்டி முரண். அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது வலக்கையில் இரண்டு விரல் எப்போதும் பிரேக் லீவரில், இடக்கையில் இரண்டு விரல் கிளட்ச் லீவரில். லீவர் அலுமினியம், தொட்ட விரலின் சூட்டை வாங்கிக்கொள்வதில் அது சமர்த்து. ஆக, வண்டி ஓட்டுவதற்கு மிகவும் வேண்டிய நான்கு விரல்களும் சூடு இல்லாத இடத்தில் இருக்கின்றன. மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் வேலையின்றிக் கைப்பிடியில் குளிர்காய்கின்றன. உழைப்பவனுக்குக் கிடைக்காமல் சும்மா இருப்பவனுக்குக் கிடைக்கும் சூடு என்பது பொருளியல் துறையினர் தனியே ஆராயத்தக்கது.

இனி இடங்கை, வலங்கைப் பூசல். தமிழகம் இதைச் சாதிப் பூசலாக முன்பே பார்த்து ஓய்ந்ததுதான். இடப்பக்கப் பிடி நேராக இரும்புக் குழாயின் மேல் ஏறி உட்காருகிறது. சூட்டில் ஒரு பங்கைக் குழாய் குடித்துவிடும். வலப்பக்கப் பிடி ஆக்சிலேட்டரின் பிளாஸ்டிக் குழல்மேல் இருப்பதால் சூடு வீணாவது குறைவு. ஒரே ஸ்விட்சில் இரண்டையும் வைத்தால் வலக்கை வேகும், இடக்கை முணுமுணுக்கும். சில தயாரிப்பாளர்கள் இருபக்கத்துக்கும் வெவ்வேறு மின்தடை வைத்து இதைச் சமன் செய்கிறார்கள்.

மின்சாரக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜோடிக்கு 3, 4 ஆம்பியர், அதாவது 40 வாட் சொச்சம். நம் ஊரில் நிறைய பைக்குகளின் ஹாலஜன் ஹெட்லைட்டே 35 வாட்தான். லைட்டை அணைத்துவிட்டுக் கையைச் சூடாக்கலாமே என்றால், 2017 ஏப்ரலிலிருந்து புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் தானே எரிந்தாக வேண்டும் என்பது சட்டம். அணைக்க ஸ்விட்சே கிடையாது. இறக்கத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது சார்ஜும் குறையும். வண்டியை நிறுத்திய பிறகும் கிரிப் பேட்டரியைக் குடிக்காதபடி ரிலே போட்டு, சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற மாதிரி வயரிங் செய்ய வேண்டும். இல்லையேல் டீ குடிக்க நிறுத்திய இடத்திலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போக நேரும். தள்ளினால் உடம்பு முழுவதும் சூடாகும் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று, இது வேடிக்கையல்ல. வலப்பக்க வயர் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து திரும்பும். அதற்குத் தொய்வு விட வேண்டும். பசை உள்ளே கசிந்தாலோ வயர் இறுகினாலோ ஆக்சிலேட்டர் திரும்பி வராது. முறுக்கி விட்டால் டக்கென்று பழைய இடத்துக்கு வருகிறதா என்று ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகே கடையை விட்டு நகரவும்.

இவ்வளவுக்கும் மாற்று ஒன்று உண்டு: ஹேண்டில் உறை. ரெக்சினில் தைத்த பை, கைப்பிடி, லீவர், ஸ்விட்ச் எல்லாம் அதற்குள், கையும் உள்ளே. வட இந்திய நகரங்களில் குளிர்காலத்தில் தெருவோரம் விற்கிறார்கள். சீனாவில் மின்ஸ்கூட்டருக்கு முன்னால் மெத்தையையே தொங்கவிடுகிறார்கள். 1956-ல் ஜெர்மனியில் தொடங்கிய யானைக் கூட்டம் என்ற பனிக்கால மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்குப் பனியில் ஓட்டி வந்து கூடாரம் அடிக்கும் பித்தர்கள்கூட இந்த உறையை வெறுப்பதில்லை. புறங்கைக் காற்றை நிறுத்திவிட்டால் உள்ளங்கையில் தனிச் சூடு பெரும்பாலும் தேவைப்படாது. மின்சாரம் வேண்டாம், ரிலே வேண்டாம்.

உறைக்குள் கை போனால் ஹாரன் எங்கே, இண்டிகேட்டர் எங்கே என்று தெரியாது என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? ஹாரன் இருக்கும் இடத்தை நம் கட்டைவிரல் தூக்கத்திலும் அறியும். இண்டிகேட்டரைத் தேடுவோர் சிலரே. தொளதொளப்பான உறையைக் காற்று லீவர்மேல் அழுத்தி பிரேக் பிடிக்க வைக்கும் என்ற மறுப்பு வலுவானது. உறையை விறைப்பாகத் தைத்தால் அதுவும் தீரும்.

பிறகு ஏன் ஹீட்டட் கிரிப் விற்கிறது? அது வெளியே தெரியாது என்பதால் விற்கிறது. ஜாக்கெட், பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட் என்று சேர்த்துவைத்த கம்பீரத்தை ஒரு ரெக்சின் பை ஒரே நாளில் கலைத்துவிடும். மானத்துக்குப் பழுதில்லாமல் கிடைக்கும் வெப்பம் கிரிப் தருவது ஒன்றே. அதற்குத்தான் 40 வாட். உறை தைக்கச் சொல்லி சீட் கவர் கடைக்குப் போனால், அளவெடுப்பதற்கு முன் கடைக்காரர் வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, "பால் ஊத்தற வண்டிக்குங்களா?" என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.