அட்டைக்குக் கண் இருக்கிறதா?

கேள்வி: மகனின் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து புனே விமான் நகருக்குக் குடிவந்த 72 வயது அம்மாவுக்குக் கண்புரை. ஆயுஷ்மான் அட்டையை ஏற்கும் கண் டாக்டர் அங்கே கிடைப்பாரா?

பதில்: டாக்டரைத் தேடினால் கிடைக்க மாட்டார்! ஆயுஷ்மான் திட்டத்தில் சேர்வது மருத்துவமனைகள்தான். அதிலும் முழங்கால் சிகிச்சைக்குச் சேர்ந்த மருத்துவமனை கண்ணுக்கும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயர்ப்பலகையை நம்பி ஆட்டோ ஏறுவதைவிட, திட்டத்தின் உதவி எண் 14555-க்கு போன் போட்டு, "கண் பிரிவு உண்டா?" என்று கேட்பது மேல்.

70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பாராமல் அட்டை என்பது 2024 அக்டோபரில் வந்தது. சிகிச்சைச் செலவுக்கு வரம்பு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் எடுத்த அட்டை மகாராஷ்டிரத்திலும் செல்லும். மராத்தி தெரியாத சங்கடம் அம்மாவுக்குத்தான், அட்டைக்கு இல்லை.

புரை அறுவை என்றால் உள்ளே வைக்கும் லென்ஸும் கணக்கில் சேரும். சும்மா பவர் பார்த்து மூக்குக்கண்ணாடி வாங்குவதற்குச் சொந்தக் காசுதான்.

முதலில் விசாரிக்க இரண்டு இடங்கள்: ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள சசூன் அரசு மருத்துவமனை, முகமதுவாடியில் அறக்கட்டளை நடத்தும் எச்.வி. தேசாய் கண் மருத்துவமனை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்குள் நுழைந்ததும் தேட வேண்டியவர் 'ஆரோக்கிய மித்ரா'. அட்டையைச் சரிபார்ப்பவர் அவரே.

விமான நிலையம்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பறந்துவிடலாமா? தாராளமாக. விமான டிக்கெட் கவுன்ட்டரில் மட்டும் அந்த அட்டையை நீட்ட வேண்டாம்!